ஊர் எது என்ற வினா

நகரையும் இல்லத்தையும் பற்றிச் சொந்த அனுபவத்தை எழுத முனையும் இளைஞர்கள், கருப்பொருள் கிடைக்கவில்லை எனக் குறைபடுவதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். சப்ரகமுவையின் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அக்குறை இருக்க நியாயமில்லை.

இறக்குவானைத் தோட்டமொன்றில் பிறந்து எம்பிலிப்பிட்டிய நகரக் கடையொன்றில் பணிபுரியும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பூட்டனார் 'ஊர்' என்றது தமிழகத்துக் கிராமத்தை. தந்தையாருக்கோ ஊர் தோட்டத்தின் மேற்கணக்கு. பிறந்த லயக் காம்பரா குடும்பத்துக்குச் சொந்தமானதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டையும் சொந்தமில்லாததாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, ஒரே லயத்து உறவுகள் பிரிந்தன. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இத்தனையும் 'வீடு' என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

முஸ்லிம் வாசகருக்கும் இது புதிதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் பிறந்தும், ஊர் யாழ்ப்பாணம் என்றே சொல்லி வளர்ந்தனர். பார்த்திராத வீட்டின் முற்றத்தைப் பெற்றோரின் பேச்சிலேயே அறிந்தனர்.

மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த ஸி.வி. வேலுப்பிள்ளை 1947இல் பாராளுமன்ற உறுப்பினரானவர். அவரும் தேடித் தொகுத்தவை தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களையே.

ஆகவே இளைஞர்கள் முதலில் பாட்டியிடம் கேட்கட்டும். கையடக்கத் தொலைபேசியில் பதிந்தாலும் நன்றே. காம்பராவில் அடுப்பிருந்த மூலை, நகரில் தங்கும் அறையின் வாடகை, இரண்டின் சாவியும் யாரிடம் இருந்தது என்பன முதற் பக்கத்துக்குப் போதும்.