முழுகுவதும் தலைமுழுகுவதும்

போர்ட்டிக்சனிலிருந்து லிங்கியை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனைகள் நிற்கின்றன. அவற்றின் நடுவே எஞ்சியிருக்கும் பழைய லயம் ஒன்றின் வாசற்படியில், ஒரு சாயங்கால வேளையில், ஆறு வயதுப் பையன் எந்தப் பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்வது என்னும் விஷயம் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே விவாதமாகிக் கொண்டிருந்தது. “சீனப் பள்ளியில போடலாம்னு இருக்கோம், அத்தை. மாண்டரின் தெரிஞ்சா நாளைக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்” என்றாள் மருமகள். முப்பது வருஷம் மரம் சீவிய கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த கிழவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “போடும்மா, நான் வேணாங்கல. ராத்திரி எங்கிட்ட வந்து கத கேக்கறப்ப, எந்த வாயால கேப்பான்?” என்றாள்.

மொழிநூல் எதையும் புரட்டியறியாத அம்மூதாட்டியின் வினா, அறுபது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் ஆராய்ந்துவரும் ஒரு பிரச்சினையின் நடுநாடியையே தொடுகிறது. வீட்டில் வழங்காத ஒரு மொழியைத் தனிப் பாடமாகக் கற்பிக்காமல், கணக்கும் கதையும் பாட்டும் விளையாட்டும் அம்மொழியிலேயே நடக்கும்படி செய்து, குழந்தையை அதனுள் இறக்கிவிடும் வகுப்பை முழுகல் வகுப்பு என்று நாம் சொல்லலாம். நீரில் இறங்கினாலன்றி நீச்சல் வாராது என்பதே அதன் தத்துவம். ஆனால் தமிழில் முழுகுதல் வேறு, தலைமுழுகுதல் வேறு. முன்னது நீராடி எழுவது, பின்னது உறவை அறுத்துக்கொண்டு எழுவது. இரண்டும் ஒரே குளத்தில் நடக்கக்கூடியவை என்பதனால்தான் பெற்றோருக்கு மயக்கம் உண்டாகிறது.

இக்குழந்தையின் பூட்டன்மாருக்கு இத்தகைய மயக்கம் இருந்ததில்லை, ஏனெனில் தேர்வு என்பதே அவர்களுக்கு இருந்ததில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் நிர்வாகமே பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்று மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததால், லயத்துக் கோடியில் ஒரு கொட்டகை எழுந்தது. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ வாத்தியாராகவும் விளங்கினார். அந்தக் கொட்டகைகளின் சந்ததிகளாக இன்று நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 60க்கு மேற்பட்ட தேசியவகைத் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் வீழ்ந்து, ஜனங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்த பின்னரும், அவற்றுள் பல, தோட்டம் எனப் பொருள்படும் ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல்லைப் பெயர்ப்பலகையில் சுமந்து நிற்கின்றன.

இன்றைய பெற்றோருக்கு முன்னே மூன்று கதவுகள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் போதனை தமிழில். மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்கள். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டு, 2016 முதல் இருமொழித் திட்டத்தின் பேரில் சில பள்ளிகளில் மட்டும் மறுபடியும் அவை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. தேசியப் பள்ளியில் போதனை மலாயில். சீனப் பள்ளியில் மாண்டரினில். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளையும் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் மலாய்க்குள் இறங்கியே தீர வேண்டும். மலாயில் பின்தங்கியவர்களுக்கென்று ‘புகுமுக வகுப்பு’ என ஓராண்டு தனியே வைத்திருந்ததும் இதனாலேயே. ஆதலால் தோட்டத்துப் பிள்ளை அயல்மொழியில் முழுக வேண்டுமா என்பது கேள்வியன்று. எப்போது, எப்படி என்பதே கேள்வி.

‘எப்போது’ என்பதற்கு விஞ்ஞானம் முதலில் தரும் சாட்சியம் வியப்பூட்டுவது. நம் காதுக்குப் ‘பட்டு’ வேறு, ‘பத்து’ வேறு. நாவை மடித்து ஒலிக்கும் டகரத்தையும் பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரத்தையும் ஆங்கிலம் மட்டுமே அறிந்த பெரியவர் பிரித்தறிவது அரிது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர், ஆங்கிலம் பேசும் வீட்டுச் சிசுக்களுக்கு இந்தியில் உள்ள இவ்விரு ஒலிகளையும் கேட்கச் செய்து, 1984இல் முடிவை வெளியிட்டனர். ஆறு முதல் எட்டு மாதச் சிசுக்கள் வேற்றுமையைத் திட்டமாக உணர்ந்தன. ஒரு வயதை எட்டும் சமயத்தில் பெரும்பாலான சிசுக்களிடம் அவ்வுணர்வு மங்கிவிட்டது. உலகத்து மொழிகள் அனைத்துக்கும் திறந்து பிறக்கும் செவி, தன் வீட்டு மொழிக்காகத் தன்னைச் செதுக்கிக்கொள்ளும்பொழுது மற்றவற்றைக் கழித்துவிடுகிறது.

இதைக் கேட்டவுடனே தொட்டிலருகே மாண்டரின் பாட்டுப் பெட்டியை வைக்கத் தோன்றும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெட்ரீஷியா கூல் என்பவரும் அவருடைய சகாக்களும் அந்த ஆசையையே சோதித்துப் பார்த்தார்கள். ஒன்பது மாதச் சிசுக்களோடு மாண்டரின் பேசுபவர்கள் தரையில் அமர்ந்து, சுமார் 25 நிமிஷம் வீதம் 12 முறை கதை படித்தும் விளையாடியும் பழகினர். அச்சிசுக்கள் மாண்டரின் ஒலி வேற்றுமைகளைப் பற்றிக்கொண்டன. அதே மனிதர்களை, அதே கதைகளைத் திரையில் பார்த்த சிசுக்களும் ஒலிப்பதிவில் கேட்ட சிசுக்களும் யாதொன்றும் கற்கவில்லை. 2003இல் வெளிவந்த இம்முடிவைப் படிக்கும்பொழுது எனக்குத் தோட்டத்து ஆயாக்கொட்டகை நினைவுக்கு வருகிறது. விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் தாய் துணித்தொட்டிலில் விட்டுச்சென்ற பிள்ளையை நாள் முழுதும் வைது, கொஞ்சி, தாலாட்டி, புளித்துப்போன பழங்கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்த அந்த ஆயாவுக்குச் சம்பளம் சொற்பம். ஆனால் மொழியைப் பிள்ளையின் செவியில் ஏற்றியவள் அவளே. இன்று அத்தொட்டிலின் முன்னே கைபேசி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

செவி சீக்கிரம் மூடத் தொடங்குகிறதென்பதால் இலக்கணமும் சொல்லும் அவ்வாறே என்று முடிவு கட்டுவது தவறு. நெதர்லாந்தில் குடியேறி டச்சு மொழியைச் சூழலிலிருந்தே கற்ற ஆங்கிலம் பேசுவோரைக் கேத்தரின் ஸ்நோவும் மரியன் ஹூஃப்நாகல்-ஹோலும் ஆராய்ந்து 1978இல் எழுதினர்: தொடக்க மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளல்லர், பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளைகளே. ஏறத்தாழ 6,70,000 பேரிடம் இணையவழி நடத்திய ஆங்கில இலக்கணச் சோதனையைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வும், தாய்மொழியாளரைப் போல ஆக வேண்டுமானால் பத்து வயதுக்குள் தொடங்குவது நலம் என்றாலும், இலக்கணம் கற்கும் ஆற்றல் பதினேழு வயதுவரை பெரிதும் குறைவதில்லை என்கிறது. ஆகவே ஆறு வயதில் தவறவிட்டால் யாவும் போயிற்று என்று பதறுவதற்கு நியாயமில்லை.

இனி ‘எப்படி’ என்பதற்கு வருவோம். முழுகல் வகுப்பின் பிறப்பிடம் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கருகே உள்ள செயிண்ட் லாம்பர்ட். அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் பள்ளி நிர்வாகத்தோடு வாதாடி, 1965 செப்டம்பரில் 26 குழந்தைகளோடு பிரெஞ்சு மொழியிலேயே நடக்கும் பாலர் வகுப்பைத் தொடங்கச் செய்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அக்குழந்தைகளை வருஷந்தோறும் சோதித்தனர். பிரெஞ்சைக் கேட்டுணர்வதில் அவர்கள் மிக உயர்ந்தார்கள், கணிதத்தில் பின்தங்கவில்லை, ஆங்கில வாசிப்பில் முதலில் இருந்த குறை, ஆங்கிலப் பாடம் சேர்க்கப்பட்டவுடன் நீங்கிற்று. குறையென்று எஞ்சியது ஒன்றே: கேட்டுணர்ந்த அளவுக்கு அவர்கள் பிழையின்றிப் பேசவில்லை. இவ்வகை வகுப்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், மொழி காதில் விழுந்தால் மட்டும் போதாது, தன் வாயால் ஒரு கருத்தைக் கோத்துச் சொல்லும் அவசியம் பிள்ளைக்கு நேர வேண்டும் என்று வற்புறுத்தியது இதனாலேயே.

இந்த வெற்றியை அப்படியே லிங்கித் தோட்டத்துக்குப் பெயர்த்து நடலாமோ? செயிண்ட் லாம்பர்ட் பிள்ளைகள் எல்லோரும் பிரெஞ்சறியாத புதியவர்கள். ஆசிரியைக்கு அவர்களுடைய ஆங்கிலம் புரியும். பள்ளிக்கு வெளியே வீதியும் தொலைக்காட்சியும் உத்தியோகமும் ஆங்கிலமாயிருந்தபடியால், அம்மொழி தேயுமென்ற பயம் யாருக்கும் இல்லை. நம் பிள்ளையோ, ஆசிரியைக்குப் புரியாத மொழியைப் பேசிக்கொண்டு, ஏற்கெனவே அம்மொழி பேசும் பிள்ளைகளின் நடுவே தனியனாக இறங்கக்கூடும். வீட்டு மொழியோடு இன்னொன்று கூடுவதைக் ‘கூட்டல்’ என்றும், புதியது வர வர வீட்டு மொழி தேய்வதைக் ‘கழித்தல்’ என்றும் பொருள்படும்படி லாம்பர்ட்டே பிரித்துரைத்தார். அமெரிக்காவில் சிறுபான்மை மொழி பேசும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை விசாரித்து லில்லி வாங் ஃபில்மோர் 1991இல் வெளியிட்ட கட்டுரை, பள்ளிக்கு முந்திய வயதிலேயே ஆங்கில வகுப்பில் விடப்பட்ட குழந்தைகள் பலர் வீட்டு மொழியைக் கைவிட்டு, பெற்றோரோடு மனம்விட்டுப் பேச இயலாதவர்களாயினர் என்று காட்டியது. கிழவி கேட்டதும் இதுவே.

மற்றுமொரு மயக்கம் உண்டு. கம்பத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடும் தோட்டத்துப் பையன், மலாயில் ‘என்ன’ எனப் பொருள்படும் ‘ஆப்பா’ என்பதை ‘ஆப்போ’ என்றும், ‘எங்கே’ எனப் பொருள்படும் ‘மானா’ என்பதை ‘மானோ’ என்றும் நெகிரி வழக்கில் அட்சரம் பிசகாமல் பேசுவான். அதே பையன் மலாயில் ஒரு கணித வினாவைப் படித்து, எதைக் கூட்டுவது எதைக் கழிப்பது என்று தெரியாமல் விழிப்பான். பேச்சு மொழி ஏறத்தாழ இரண்டாண்டில் கைவரும், பாடநூல் மொழி கைவர ஐந்து முதல் ஏழாண்டு வேண்டும் என்று ஜிம் கம்மின்ஸ் கணித்திருக்கிறார். ஒரு மொழியில் ஆழ்ந்து பெற்ற அறிவு மற்றொன்றுக்கும் அடித்தளமாகும் என்பதும் அவருடைய சித்தாந்தம். தோட்டத்தாருக்கு இது புரியாத சங்கதியன்று. ஒட்டுக்கட்டுபவர்கள், விதைக்கன்றின் தண்டு போதிய பருமன் அடைந்த பிறகே உயர்ரக மொட்டை அதில் பொருத்துவார்கள். மெலிந்த கன்றில் எந்த ரகமும் பற்றாது. உவமை இந்த இடத்தோடு நிற்கட்டும்: மொட்டு பற்றியதும் கன்றின் தலையை வெட்டிவிடுவது மரத்துக்கு வேண்டுமானால் சரி.

ஆகையால் பள்ளியைத் தேடிப் போகும் பெற்றோர் கட்டடத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் பார்ப்பதோடு சில விஷயங்களையும் விசாரிப்பது உசிதம். பிள்ளை தன் மொழியில் பதில் சொன்னால் புரிந்துகொள்ள அங்கே ஒருவரேனும் உண்டா? அம்மொழிக்குப் புதியவர்கள் வகுப்பில் எத்தனை பேர்? கட்டம் போட்ட நோட்டில் சீன எழுத்துகளோடு வீட்டுப்பாடம் வரும்பொழுது அதைப் படித்துச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? தமிழ் எழுதப் படிக்க எங்கே, வாரத்தில் எத்தனை மணி? தேசியப் பள்ளியானால், பதினைந்து மாணவர்களின் பெற்றோர் சேர்ந்து கேட்டால் தமிழ் வகுப்பு ஏற்படுத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. அக்கையொப்பங்களைத் திரட்டும் சிரமத்தை ஏற்காமல், மொழி போயிற்றே என்று பின்னால் வருந்துவதில் பயனில்லை. தமிழ்ப்பள்ளியானால், மலாயும் ஆங்கிலமும் அங்கே பேச்சாகவும் நடக்கின்றனவா, அல்லது கரும்பலகையோடு நின்றுவிடுகின்றனவா என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்கும் பள்ளி, எந்த மொழிப் பள்ளியாயினும், பிள்ளையை முழுகி எழச் செய்யும்.

மருமகள் அன்று முடிவொன்றும் சொல்லவில்லை. இருட்டிவிட்டது. கிழவி பேரனை அருகே இழுத்து, “நேத்து கத எங்க நின்னுச்சு? நீ சொல்லு, நான் கேக்கறேன்” என்றாள். அவன் வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, “அந்த குச்சிங் மரத்துல ஏறிச்சா…” என்று தொடங்கினான்.

“பூனைன்னு சொல்லு.”

“பூனை மரத்துல ஏறிச்சா, பாட்டி…” என்று அவன் மேலே சொல்லிக்கொண்டு போனான்.