ஜெயிலுக்குள் கஞ்சாத் தோட்டம்: சுவர் யாருக்காக?

செங்கல்பட்டில் ரயில் பாதையே பழைய கோட்டையை வெட்டிக்கொண்டுதான் போகிறது. பிரிட்டிஷ் காலத்தில் அந்தக் கோட்டைக்குள் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி நடந்தது. கோட்டையை ஜெயில் மாதிரி ஆக்குவது சுலபம். காலியான ஜெயிலை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். 1837ல் கட்டிய சென்னை மத்திய சிறையிலிருந்து 2006ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009ல் கட்டடத்தை இடித்தார்கள்.

இடிக்காமல் விற்ற ஊர் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சின்ன எண்ணெய் வயல் ஊர். அங்கே நகராட்சி நடத்திய கிளேர்மான்ட் சிறை 2011ல் மூடப்பட்டது. வருமானம் போய் கடன் ஏறியது. 2016ல் நகர மன்றம் வாக்கெடுத்து, அந்தச் சிறையை ஓஷன் குரோன் எக்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற கஞ்சா கம்பெனிக்கு சுமார் 41 லட்சம் டாலருக்கு விற்றது. ஊர்க் கடன் அடைந்தது. பாப் மார்லியின் மகன் டேமியன் மார்லி அதில் பங்குதாரராகச் சேர்ந்தார். (செய்தி இவ்வளவு பரவியதற்கு அவர் பெயர்தான் காரணம்னு நினைக்கிறேன்.)

ஏன் ஜெயில்? கஞ்சா, இரவு நீண்டால் பூக்கிற செடி. உள்ளரங்கில் வளர்ப்பவர்கள் முதலில் 18 மணி நேரம் விளக்கு போட்டுச் செடியை வளர்த்து, பிறகு 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று மாற்றிப் பூக்க வைப்பார்கள். அந்த இருட்டில் வெளிச்சம் கசிந்தால் பூ கெடும். ஜன்னல் குறைவான, தனித்தனி அறைகள் உள்ள கட்டடம் அதற்குத் தோது. ஒரு அறையில் பூச்சி வந்தால் அடுத்த அறையைக் காப்பாற்றலாம். வேலி, கேமரா, இரும்புக் கதவு எல்லாம் ஏற்கெனவே இருக்கு. ஆனால் விளக்குச் சூட்டைத் தணிக்க ஏசி, ஈரத்தை உறிஞ்ச இயந்திரம் என்று கரண்ட் செலவு எகிறும்.

இதையே மாமல்லபுரம் கடற்கரையில் வைத்து யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. விளக்கும் வேண்டாம், திரையும் வேண்டாம், சூரியனே அட்டவணை போட்டுக் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூவில் பூஞ்சை பிடிக்கும், அது ஒன்றுதான் தொல்லை. ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் கஞ்சா திறந்தவெளியில்தான் விளைகிறது. ஆக, அந்தச் சுவரைக் கேட்பது பெரும்பாலும் செடி இல்லை. சட்டமும் சரக்கின் விலையும்தான்.

நம் சட்டம் என்ன சொல்லுது? 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்றால் பூ, காய் உள்ள நுனிதான். தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. வட இந்தியாவில் பாங் கடைகள் நடப்பது இந்த ஓட்டையில்தான். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் விதிவிலக்கு உண்டு. ஜம்முவில் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகம் வேலி போட்ட நிலத்தில் வளர்க்கிறது. நாருக்கும் விதைக்கும் பயிரிட 14ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த வழியில் 2018ல் உத்தராகண்ட் அனுமதி கொடுத்தது. மற்றபடி அனுமதியில்லாமல் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20. மூட்டை தூக்கி வந்த கூலிக்காரருக்கும் இதே கணக்குதான்.

கோலிங்கா கதையில் எனக்கு உறுத்துகிற இடமும் இதுதான். ஒரு ஜெயில் தோட்டமானாலும், பிளசன்ட் வேலி மாநிலச் சிறை அதே ஊரில் இன்னும் இயங்குகிறது. ஆனால் 2016 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் கஞ்சாவை அனுமதித்தபோது, பழைய கஞ்சா வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் அதைக் குறைக்கவோ, பதிவைத் திருத்தவோ மனு போடலாம் என்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். நம்ம பக்கம் யாராவது லைசென்ஸ், முதலீடு என்று பேச ஆரம்பித்தால், வரைவில் நான் முதலில் தேடப்போவது அந்தப் பிரிவைத்தான்.