கண்ணாடித் தொட்டியில் ஒரு பச்சைக் கூட்டம்

செங்கடல் முதல் பசிபிக் சமுத்திரத் தீவுகள் வரை, கிளைத்துப் படர்ந்த பவளத்தின் மேலே இளம்பச்சை ஒளி வீசித் திரளாக நீந்தி, பெரிய மீனின் நிழல் கண்ட மாத்திரத்தில் அக்கிளைகளின் இடுக்கில் ஒருங்கே மறைந்துவிடும் பச்சைக் குரோமிஸ் என்னும் சிறு மீனை, வீட்டில் உவர்நீர்த் தொட்டி வைக்க விரும்புவோர் நாடுவது இயல்பே.

ஆனால் மீனுக்கு முன் நீர் பக்குவப்பட வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பும் 25 டிகிரி செல்ஷியஸை ஒட்டிய உஷ்ணமும் அமைந்தால் மட்டும் போதாது. கழிவில் பிறக்கும் அம்மோனியா என்னும் விஷத்தை நைட்ரைட்டாகவும், பிறகு தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகும்வரை, சாதாரணமாக 4 முதல் 6 வாரம், பொறுத்திருப்பது அவசியம்.

இனி, கூட்டத்தின் சுபாவம். ஒற்றுமையின் உருவமாகத் தோன்றும் இம்மீன்களுக்குள்ளும் மேல் கீழ் என்ற வரிசை உண்டு. விசாலமான கடலில் வலியதன் கோபம் பலவற்றின்மேல் பகிர்ந்துபோக, குறுகிய தொட்டியிலோ அது எளியதொன்றின்மேலேயே ஓயாது பாய்வதால், துடுப்புக் கிழிந்து மூலையில் ஒதுங்கிய அம்மீன் இரை கொள்ளாமல் மடிய, அடுத்த எளியதற்கு அந்த ஸ்தானம் வந்து சேர்கிறது. ஆறாக வாங்கியவை நாளடைவில் ஒன்றிரண்டாகக் குறைவது இதனாலேயே. நீளமான தொட்டி, ஒளிய இடுக்குகள், மிதந்துவரும் நுண்ணிரையை நாள் முழுதும் கொத்தித் தின்னும் வழக்கத்துக்கேற்பப் பொடி இரையைச் சிறிது சிறிதாகப் பல வேளை இடுதல் ஆகியவை பூசலைத் தணிக்குமேயன்றி அடியோடு ஒழித்துவிடா.

கடையிலேயே இரை போடச் சொல்லிப் பார்த்து, பாய்ந்து வந்து உண்பனவும் உடலில் செம்புண் இல்லாதனவுமாகத் தேர்ந்தெடுத்து, சில வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்த பின்னர் ஒருசேர விடுவதே விவேகம்.