தண்ணீர் குடித்த இன்ஜின்

2015 டிசம்பர் முதல் நாள் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது 49 செ.மீ. மழை. அடையாறு கரை மீற, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கார்கள் மூழ்கின. நின்றபடி மூழ்கிய காரின் இன்ஜினைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஓடும்போது தண்ணீர் குடித்த இன்ஜின்தான் பிழைப்பது கஷ்டம். ஏன்?

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலேறி, காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் ஏறி முடித்தபின் சிலிண்டரில் மிஞ்சும் இடமோ மூன்று மேசைக்கரண்டி அளவுதான். அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால், சுவரில் மோதியதுபோல் பிஸ்டன் நிற்கும். கனெக்டிங் ராடு வளையும்.

சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும் என்றுதான் பலருக்கும் பயம். ஓடும் இன்ஜினில் அங்கே புகை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஆபத்து முன்பக்கம், காற்றை உறிஞ்சும் குழாயில். கம்பெனிக்காரர்கள் அதன் வாயைப் பொதுவாக பானட்டுக்கு அடியில் உயரமாக வைப்பார்கள். குளிர்ந்த காற்று கிடைக்குமென்று அந்தக் குழாயையும் ஏர் ஃபில்டரையும் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக மாற்றுபவர்கள் உண்டு. சித்திரையில் ஜி.எஸ்.டி. சாலைக்குச் சரி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரே போதும். ஃபில்டருக்கு மாட்டும் துணி உறை தெறிக்கும் நீரைத்தான் தடுக்கும், மூழ்கினால் உதவாது. மழைக்காலத்துக்குப் பழைய குழாயையே மாட்டுவது உத்தமம்.

எதிரே வரும் பஸ் கிளப்பும் அலையையும் கணக்கில் வையுங்கள். வண்டி தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். மேட்டுக்குத் தள்ளிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.