தொகுதி வாரமும் வாக்கில்லாத நாமும்

பேர்லினில் பாராளுமன்றம் கூடாத வாரத்தில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் என்ன செய்கிறார்? எம்மவர் யாரிடமாவது கேட்டால் 'விடுமுறையில் நிற்பார்' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஜேர்மனியர் பலருடைய அபிப்பிராயமும் இதுவே. இது தவறான அபிப்பிராயம். தவறு என்பதோடு, எமக்கு நட்டத்தையும் தருகின்ற ஒன்று. ஐம்பது வருடங்களாகச் சமஷ்டி பற்றி வாதாடிய ஒரு சமூகம், வந்து குடியேறிய சமஷ்டி நாட்டில் அது அன்றாடம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமலிருப்பது வேடிக்கையானதுதான்.

மத்திய பாராளுமன்றமான புண்டஸ்ராக் வருடத்தில் ஏறத்தாழ இருபது முதல் இருபத்திரண்டு வாரங்களே கூடுகிறது. அவ்வாரங்களில் செவ்வாய்க்கிழமை கட்சிக்குழுக் கூட்டம், புதன்கிழமை துறைசார் குழுக்கள், வெள்ளி வரை பொது அமர்வு என்று நாட்கள் நிரம்பிவிடும். விடுமுறைகள் போக எஞ்சியவை தொகுதி வாரங்கள். மாநிலப் பாராளுமன்றங்களான லண்ட்ராக்குகளில் பொது அமர்வு இன்னும் குறைவு. டுசல்டோர்ப்பிலுள்ள நோர்த்ரைன்-வெஸ்ற்பாலியா லண்ட்ராக் மாதத்திற்கு ஒரு தடவை என்ற அளவில் சில நாட்கள் கூடும். துறைசார் குழுக்களின் அமர்வுகள் வேறு. எனவே மாநில உறுப்பினர் தன் ஊரில் நிற்கும் நாட்கள் கூட.

அவ்வாரம் எப்படிப் போகிறது? காலையில் தொகுதி அலுவலகத்தில் உதவியாளர்களுடன் கடிதங்கள் பார்ப்பது. பிறகு ஒரு தொழிற்சாலை, ஒரு பாடசாலை, ஒரு வைத்தியசாலை அல்லது தொண்டர் தீயணைப்புப் படை. நகரபிதாவுடன் ஒரு சந்திப்பு. மாலையில் கட்சிக் கிளைக் கூட்டம். வார இறுதியில் ஏதாவது சங்கத்தின் ஆண்டு விழா. இவற்றிடையே 'பியூர்கர்ஸ்பிரெக்ஸ்ருண்ட' எனப்படும் பொதுமக்கள் சந்திப்பு நேரம். முன்கூட்டியே நேரம் எடுத்துக்கொண்டு யாரும் போகலாம். கதவில் எவரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பதில்லை. உதவியாளர்களுக்கான சம்பளம் பாராளுமன்றத்தின் பணத்திலிருந்து வருகிறது, கட்சியின் பணத்திலிருந்தல்ல. ஆகவே அவர்களுடைய நேரத்தைக் கேட்பது எவரிடமும் பிச்சை கேட்பதாகாது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்கவேண்டும். அடிப்படைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, உறுப்பினர்கள் முழு மக்களின் பிரதிநிதிகள் என்றும், எவரது கட்டளைக்கும் கட்டுப்படாதவர்கள் என்றும் சொல்கிறது. அப்படியாயின் தொகுதி எதற்கு? ஜேர்மனியில் 299 தொகுதிகள். புண்டஸ்ராக்கில் 2025 தேர்தல் முதல் 630 ஆசனங்கள். பாதிக்கு மேற்பட்டோர் கட்சிப் பட்டியல் மூலமாகவே செல்கின்றனர். அவர்களும் ஏதாவதொரு தொகுதியில் அலுவலகம் வைத்துக்கொள்கிறார்கள். கட்சியால் அடுத்த பட்டியலில் இடம் பெறவும், ஊரில் முகம் தெரியவும் அது தேவை. இதனால் ஒரே தொகுதியில் வெவ்வேறு கட்சிகளின் இரண்டு மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்றில் பதில் கிடைக்காதவர் அடுத்ததைத் தட்டலாம்.

ஆனால் எந்த மட்டத்துக் கதவு என்பதுதான் முதற் கேள்வி. தஞ்சச் சட்டத்தை இயற்றுவது மத்திய பாராளுமன்றம். தஞ்ச விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது மத்திய அரசின் அலுவலகம். ஆனால் விசாவைப் புதுப்பிக்கின்ற, 'டுல்டுங்' கடதாசியில் முத்திரை குத்துகின்ற வெளிநாட்டவர் அலுவலகம் நகரத்தினுடையது அல்லது மாவட்டத்தினுடையது. அதை மேற்பார்வை செய்வது மாநில அரசு. பொலிஸ், பாடசாலை, நாடுகடத்தலை நிறைவேற்றுதல் ஆகியனவும் மாநிலத்தின் கையிலேயே.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. சில வருடங்களுக்கு முன் ரூர் பிரதேசத்து நகரமொன்றில் ஒரு நண்பருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். பதினொரு வருடம் டுல்டுங். மூன்று மாதத்திற்கொரு தடவை புதுப்பிப்பு. உணவகமொன்றின் குசினியில் வேலை. முதலில் மத்திய பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திற்குப் போனோம். மரியாதையாகக் கேட்டார்கள், கோப்பி தந்தார்கள், இது மாநில விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். மாநில உறுப்பினரின் அடுத்த சந்திப்பு நேரத்திற்கு மூன்று வாரம் காத்திருந்தோம். அங்கே உதவியாளர் மூன்று விடயங்கள் கேட்டார். கோவை இலக்கம், கடைசியாக வந்த தீர்மானக் கடிதம், நண்பரின் விபரங்களைப் பார்ப்பதற்கு அவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம். எம்மிடம் முதலாவது மட்டுமே இருந்தது. அதற்குப் பதிலாக இனப்பிரச்சினையின் வரலாறு குறித்து நான் எழுதிய ஆறு பக்கக் கட்டுரை இருந்தது. அந்தப் பெண் அதை மரியாதையாக ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, 'வேலை ஒப்பந்தம் இருக்கிறதா?' என்று கேட்டார்.

உறுப்பினர் ஒரு கடிதம் எழுதினார். சில வாரங்களில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. என்னென்ன ஆவணங்கள் குறைகின்றன என்று அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. பதினொரு வருடத்தில் எவரும் அதை அவருக்கு எழுத்தில் தந்ததில்லை. அடுத்த வருடம் அவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. உறுப்பினரின் கடிதத்தாலா, சட்டத்தரணியின் உழைப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உறுப்பினரால் செய்யமுடிந்தது இவ்வளவே. எழுதலாம், கேட்கலாம், சட்டசபையில் எழுத்துமூலக் கேள்வி எழுப்பலாம். அலுவலகத்துக்கு உத்தரவிட முடியாது. நீதிமன்றத் தீர்ப்பை மாற்றமுடியாது. சிபாரிசுக் கடிதத்தோடு திணைக்களத்திற்குப் போன பழக்கம் எம்மிடம் இன்னும் இருக்கிறது. 1977க்குப் பின் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஆட்சியில் வேலைவாய்ப்புப் படிவங்கள்கூடப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊடாகவே விநியோகிக்கப்பட்டன. அந்த நினைவோடு இங்கு போகிறவர் ஏமாற்றமடைவார். ஏமாற்றமடைவது நல்லதே. ஒருவருக்காக உத்தரவிடக்கூடிய உறுப்பினர் இன்னொருவருக்கு எதிராகவும் உத்தரவிடுவார்.

அதற்கும் மேலே எழுத்தில் உள்ள உரிமை ஒன்றுண்டு. அடிப்படைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அதிகாரிகளுக்கும் பாராளுமன்றத்திற்கும் மனு அனுப்பும் உரிமையை 'ஒவ்வொருவருக்கும்' தருகிறது. 'ஒவ்வொரு ஜேர்மனியருக்கும்' என்று அது சொல்லவில்லை. புண்டஸ்ராக்கிலும் லண்ட்ராக்கிலும் மனுக்குழுக்கள் இருக்கின்றன. வெளிநாட்டவர் அலுவலகத்தின் செயல் பற்றியதாயின் மனு லண்ட்ராக்கிற்கே போகவேண்டும். மனு கொடுத்தால் நாடுகடத்தல் தானாக நின்றுவிடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2005இல் நடைமுறைக்கு வந்த வதிவிடச் சட்டத்தின் 23அ பிரிவின் கீழ் மாநிலங்களில் இயங்கும் கடின நிலை ஆணைக்குழுக்கள் வேறொரு வழி. அவற்றின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இனிச் சங்கடமான பகுதிக்கு வருவோம். தொகுதிகளின் எல்லையை வரையும்போது வெளிநாட்டவர் கணக்கில் எடுக்கப்படமாட்டார்கள் என்று மத்திய தேர்தல் சட்டம் சொல்கிறது. எமக்கு வாக்கில்லை என்பது மட்டுமல்ல, அந்த எண்ணிக்கையிலேயே நாம் இல்லை. இலங்கையில் இதற்கு மறுதலையாக நடந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டமும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. 1947இல் ஏழு பேரை அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. ஆனால் தொகுதி எல்லை வகுக்கும்போது அவர்களது தலைகள் எண்ணப்பட்டன. அவ்வாறு கிடைத்த ஆசனங்களின் பயன் கண்டிப் பகுதிச் சிங்கள வாக்காளருக்குப் போனது. எண்ணிவிட்டு வாக்கைப் பறிப்பதா, எண்ணாமலே விடுவதா, எது நேர்மையானது என்று வாதிடலாம். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பார்த்தாலும் ரூர் நகரத்து வாடகை வீட்டிலிருந்து பார்த்தாலும், சட்டசபையில் கேட்க ஆளில்லை என்பதே விளைவு.

ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் மாநிலம் 1989இல் சில நாட்டு வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்குரிமை வழங்கிச் சட்டமியற்றியது. 1990 ஒக்டோபர் 31 அன்று மத்திய அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஜைகளுக்கு மட்டும் அவ்வுரிமை வந்தது. மற்றவர்களுக்கு நகரசபையின் ஆலோசனைக் குழுக்களே மிச்சம்.

தொகுதி வாரத்தின் மீது அதிக நம்பிக்கை வைப்பது தனிமனித மனுக்களுக்குள் அரசியலைச் சுருக்கிவிடும் என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. 1993 மே 26 அன்று தஞ்ச உரிமையை வெட்டிய திருத்தத்திற்கு 521 பேர் ஆதரவாக வாக்களித்தனர். வீதிகள் மறிக்கப்பட்டிருந்ததால் சிலர் படகிலும் ஹெலிகொப்டரிலும் பொன் நகரத்துச் சபைக்கு வந்தார்கள். மூன்று நாள் கழித்து சோலிங்கனில் துருக்கியக் குடும்பமொன்றின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு ஐந்து பேர் இறந்தனர். ஊரில் கைகுலுக்கும் உறுப்பினர் சபையில் கட்சிக்குழு சொன்னபடி கையுயர்த்துவார். கோவில் தேர்த் திருவிழாவுக்கு அவரை அழைத்து மாலை போட்டுப் படமெடுப்பதால் இது மாறாது.

ஆனால் 2021 மார்ச் 30 அன்று டுசல்டோர்ப் விமான நிலையத்திலிருந்து எம்மவர் கூட்டாக நாடுகடத்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, அவை தேவையானவை. ஒவ்வொருவரின் கோவையையும் அறிந்த ஒரு மாநில உறுப்பினர், பல மாதங்களுக்கு முன்பே, எத்தனை பேருக்கு இருந்தார்? பிடிபட்ட பின்னர் தேடும் தொலைபேசி இலக்கம் பெரும்பாலும் பிந்திய இலக்கமாகவே இருக்கிறது.

1983இல் ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை மறுத்த எமது உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். அதன்பின் வட பகுதி மக்கள் 1989 வரை பாராளுமன்றத்தில் ஆளில்லாதிருந்தனர். அக்காலத்தில் வந்தவர்களில் பலர் பிரதிநிதி என்பவரிடம் எதையும் எதிர்பாராமல் வாழப் பழகிவிட்டோம். இன்று எம்மில் கணிசமானோர் ஜேர்மன் பிரஜைகள். 2024 ஜூன் முதல் ஐந்து வருட வதிவின் பின் விண்ணப்பிக்கலாம், ஜேர்மனி பழைய பிரஜாவுரிமையைக் கைவிடும்படி கேட்பதில்லை. வாக்குள்ளவர் வாக்கில்லாதவருடன் அந்த அலுவலகத்திற்குப் போகலாம். போகும்போது கட்டுரையை வீட்டில் வைத்துவிட்டு, கோவை இலக்கம், கடைசிக் கடிதம், அதிகாரக் கடிதம், வேலை ஒப்பந்தம் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு நகரத்துச் சங்கமும் தன் மாநில உறுப்பினர்களின் சந்திப்பு நேரங்களைக் கேட்டறிந்து அறிவித்தல் பலகையில் ஒட்டிவைக்கலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.