குஞ்சுகள் பறக்கும்வரை காத்திருக்கும் வயல்கள்

பறவைகளைப் பாதுகாத்தல் என்றதும் வேலியிட்ட சரணாலயங்களும் காடுகளுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலோ நிலைமை வேறு. அம்மாநிலத்தின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மத்திய பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பரந்திருந்த சதுப்பு நிலங்களில் 90 வீதத்திற்கும் மேற்பட்டவை வடிக்கப்பட்டு, வயல்களாகவும் தோட்டங்களாகவும் நகரங்களாகவும் மாறிவிட்டன. பறவைகளோ தமது பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் வந்து இறங்குகின்றன. இறங்குவதற்கு அவற்றுக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பது யாரோ ஒரு விவசாயியின் வயல்தான்.

உழுது, விதைத்து, வங்கிக் கடன் கட்டி வாழும் ஒருவருடைய நிலத்தில் பறவைக்கும் இடம் வேண்டுமென்றால், அதற்கான செலவு யாருடையது? இந்தக் கேள்விக்கு அங்கே கிடைத்துள்ள பதில்களையே இங்கு பார்க்கப் போகிறோம்.

முதலில் மிகக் கடினமான ஓர் உதாரணம். மூவண்ணக் கரும்பறவை என்று நாம் தமிழில் சொல்லத்தக்க ஒரு சிறு பறவை இருக்கிறது. ஆண் பறவை முழுக்கக் கறுப்பு. தோளில் கடுஞ்சிவப்புத் திட்டும் அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடும் இருக்கும். உலகில் உள்ள இந்த இனத்தின் பெரும்பகுதி கலிபோர்னியாவிலேயே வாழ்கிறது. கூட்டமாகவே கூடு கட்டும் இயல்புடைய இப்பறவை, முன்பு சதுப்பு நிலத்துச் சம்புப் புல்லில் கூடு வைத்தது. சதுப்பு போனபின் அதற்கு ஈடான அடர்த்தியைப் பால் பண்ணைகளின் தீவன வயல்களில் கண்டுகொண்டது. கோதுமையையும் ரை என்னும் தானியத்தையும் கலந்து உருவாக்கப்பட்ட டிரிட்டிகேல் பயிர் அங்கே மாட்டுத் தீவனத்திற்காக விளைவிக்கப்படுகிறது. நெருக்கமாக வளரும் அப்பயிர் பறவையின் கண்ணுக்குச் சதுப்பு நிலம்போலவே தெரிகிறது போலும். ஒரே வயலில் பல்லாயிரம் பறவைகள் ஒன்றாக வந்து கூடு கட்டுவதுண்டு.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. முட்டைகள் பொரிக்கப் பன்னிரண்டு நாட்களளவு. அதன்பின் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேற ஏறத்தாழ இரண்டு வாரங்கள். கூடு கட்டுவதையும், குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தேறுவதையும் சேர்த்தால் ஒன்றரை மாதம்வரை ஆகலாம். பண்ணையாளர் அந்தப் பயிரை வெட்ட வேண்டிய காலமும் இதே வசந்தகாலம்தான். பச்சையாக வெட்டிக் காற்றுப் புகாமல் மூடி நொதிக்கவைக்கும் சைலேஜ் தீவனத்திற்கு, பயிர் முற்றுவதற்கு முன்பே வெட்டியாக வேண்டும். சில வாரங்கள் தாமதித்தால் தண்டு நாராகி விடும். மாட்டுக்குச் செரிக்காது, பாலும் குறையும். அடுத்து விதைக்கவேண்டிய சோளமும் பிந்திப்போகும். பண்ணையாளர் தமது கணக்கின்படி உரிய நாளில் இயந்திரத்தை இறக்கினால், ஒரே பகலில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அதன் பற்களுக்குள் போய்விடும். இப்பறவை கூட்டமாகக் கூடு கட்டுவதால், ஓரிரு வயல்களில் நேரும் அழிவே அந்த ஆண்டின் குஞ்சுகளில் பெரும் பங்கைக் கொண்டுபோய்விடுகிறது.

மாநிலம் தழுவிய கணக்கெடுப்புகள் காட்டிய எண்ணிக்கை அச்சமூட்டுவதாகவே இருந்தது. 2008ஆம் ஆண்டில் அண்ணளவாக 3 இலட்சத்து 95 ஆயிரமாக இருந்த பறவைகள், 2011இல் 2 இலட்சத்து 58 ஆயிரமாகவும், 2014இல் 1 இலட்சத்து 45 ஆயிரமாகவும் குறைந்தன. அறுவடை ஒன்றே இதற்குக் காரணமல்ல. பூச்சிகள் நிறைந்த புல்வெளிகள் பாதாம் தோட்டங்களாகவும் திராட்சைத் தோட்டங்களாகவும் மாறியதால் குஞ்சுக்கு ஊட்டும் இரையும் அருகிவிட்டது. ஆனால் மனிதனால் உடனடியாக நிறுத்தக்கூடியது அறுவடை இழப்பு ஒன்றுதான்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2018இல் கலிபோர்னிய அரசின் ஆணைக்குழு இப்பறவையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கத் தீர்மானித்தது. ஆயினும் வெட்டாதே என்று சொல்லும் சட்டம், வெட்டாமல் விட்டதால் கெட்டுப்போன தீவனத்திற்குப் பதில் சொல்வதில்லை. தண்டனை மட்டும் இருந்து ஈடு இல்லாவிட்டால் ஒரு பண்ணையாளர் என்ன நினைப்பார்? பறவை வந்து அமர்வதற்கு முன்பே விரட்டி விடுவோம், வந்தாலும் யாருக்கும் சொல்லாதிருப்போம் என்றுதான் நினைப்பார். அவரைக் கொடியவர் என்று நாம் சொல்லிவிட முடியாது. அவருக்கும் மாடுகளுக்குத் தீவனம் வேண்டும்.

ஆகவே அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, பால் பண்ணையாளர் சங்கத்துடனும் ஒடுபன் என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்புடனும் சேர்ந்து வேறொரு வழியை எடுத்தது. வசந்தகாலத்தில் பறவைகள் எந்த வயலில் இறங்கியிருக்கின்றன என்று தேடிக் கண்டறிவார்கள். பண்ணையாளருடன் பேசுவார்கள். கூடுகள் உள்ள பகுதியையும் அதைச் சுற்றி ஓர் எல்லையையும் விட்டு மீதியை அவர் வெட்டிக்கொள்ளலாம். விட்ட பகுதியில் குஞ்சுகள் பறந்து போகும்வரை காத்திருப்பதற்கு, கெட்டுப்போகும் தீவனத்தின் பெறுமதி அவருக்குப் பணமாகக் கிடைக்கும். 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 1 இலட்சத்து 78 ஆயிரமளவில் இருந்தது. பழைய நிலைக்கு இது வெகு தூரம். ஆனாலும் இறங்கிக்கொண்டே இருந்த கோடு சற்றே நிமிர்ந்திருக்கிறது.

விதைத்த பயிரில் பறவை உண்டாலும் விதைத்தவருக்கு அது ஸதகா என்பதை நமது வாசகர்கள் அறிவார்கள். அதற்காக, ஊர் முழுவதும் விரும்பும் ஒரு நன்மையின் செலவை ஒருவருடைய தலையில் மட்டும் கட்டிவிட அதை ஆதாரமாக்கிக்கொள்ள முடியாது. இந்தத் திட்டத்தில் நமக்குப் பிடித்தது, பணத்தைக் கேட்பவராகப் பண்ணையாளரை ஆக்காமல், ஈட்டுக்கு உரியவராக அவரை மதித்த விதம்தான்.

இனி அதே பள்ளத்தாக்கின் வடபகுதியான சாக்ரமென்டோ ஆற்றுப் படுகைக்குப் போவோம். அங்கே சாதாரண ஆண்டுகளில் 5 இலட்சம் ஏக்கரளவில் நெல் விளைகிறது. வேளாண்மை வெட்டிய பின்னர் வைக்கோலை எரிப்பதே வெகுகாலமாக வழக்கம். புகையால் மக்கள் மூச்சுத்திணறியதைத் தொடர்ந்து 1991இல் எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டம் வந்தது. எரிக்க முடியாத வைக்கோலை என்ன செய்வது? குளிர்காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டி அதை அழுகவிடத் தொடங்கினார்கள். வரம்புகளுக்குள் தண்ணீர் நிற்க, உதிர்ந்த நெல்லையும் புழுபூச்சிகளையும் தேடி வாத்துகளும் பெரிய நீர்ப்பறவைகளும் காட்டு வாத்துக் கூட்டங்களும் வந்து குவிந்தன. அவற்றுள் ஊசிவால் வாத்தும் ஒன்று. குளிர்காலத்தில் நமது மன்னார் கரைகளுக்கும் வரும் அதே இனம்தான் அது. மனிதனின் நுரையீரலுக்காகப் போட்ட சட்டம் பறவைகளுக்குச் சதுப்பு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. சட்டம் எழுதியவர்களின் முதல் நோக்கம் அதுவன்று.

அதிலும் ஓர் இடைவெளி இருந்தது. பெப்ரவரி பிறந்ததும் அடுத்த விதைப்புக்காக விவசாயிகள் தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுவார்கள். உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகள் வடக்கு நோக்கிப் புறப்படுவதும் அந்த வாரங்களில்தான். அவற்றின் கால் குட்டை. நான்கு அங்குலத்துக்குக் குறைந்த தண்ணீரும் சேறும் அவற்றுக்குத் தேவை.

2014இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு இந்த இடைவெளியை வாடகைக்கு எடுத்து நிரப்ப முன்வந்தது. எங்கே, எந்த வாரத்தில் எந்தப் பறவை வருகிறது என்பதை, சாதாரணப் பறவை ஆர்வலர்கள் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஈபேர்ட் தளத்தில் பதிந்துவந்த இலட்சக்கணக்கான குறிப்புகளிலிருந்து கணித்தார்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதைச் செய்மதிப் படங்கள் காட்டின. பறவை வரும், தண்ணீர் இராது என்ற இடங்களில் உள்ள விவசாயிகளிடம் ஏலம் கோரப்பட்டது. நாம் அறிந்த ஏலத்தில் கூடிய விலை கேட்பவருக்குப் பொருள் போகும். இது தலைகீழ் ஏலம். இத்தனை வாரம் இவ்வளவு ஆழத்தில் தண்ணீரை நிறுத்திவைக்க எனக்கு ஏக்கருக்கு இவ்வளவு வேண்டும் என்று விவசாயி எழுதிக் கொடுப்பார். குறைந்த விலையும் பறவைக்கு உகந்த வயலும் சேர்ந்திருப்பவை தெரிவாகும். முதலாவது சுற்றிலேயே ஏறத்தாழ 10,000 ஏக்கர் சில வாரங்களுக்குச் சதுப்பு நிலமாகியது. அதே நிலத்தை விலைக்கு வாங்கி ஆண்டு முழுவதும் பராமரிப்பதைவிட இதற்கான செலவு மிகக் குறைவு. தமது செலவு என்னவென்று விவசாயியே சொல்வதால் பேரம் பேசும் மனக்கசப்பும் இல்லை.

எல்லா இடத்திலும் பறவையும் பண்ணையும் முட்டிக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கு மாநிலங்களின் மாட்டு மேய்ச்சற் பண்ணைகளில் சேஜ் குரவுஸ் என்றொரு கோழியினப் பறவை வாழ்கிறது. உயரமான மரமில்லாத புதர்வெளியே அதற்கு வேண்டும். மரம் முளைத்தால் பருந்து வந்து அமர்ந்துவிடும். புல்வெளியில் பரவும் ஜூனிப்பர் மரங்களை வெட்டினால் பறவைக்குப் பாதுகாப்பு. புல் கூடுவதால் மாட்டுக்கும் மேய்ச்சல். இருட்டோடு தாழப் பறந்து முட்கம்பியில் மோதிச் சாவதைத் தடுக்க, கம்பியில் சிறு பிளாஸ்டிக் துண்டுகளைக் கொளுவிவிட்டார்கள். ஐடஹோவில் நடந்த ஆய்வொன்றில் மோதல்கள் 83 வீதம் குறைந்தன. 2010இல் அரசு தொடங்கிய இத்திட்டத்தில் பண்ணையாளர்கள் விரும்பிச் சேர்ந்தார்கள். 2015இல் மத்திய அரசு இப்பறவையை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என முடிவு செய்தபோது, தனியார் நிலங்களில் நடந்த இப்பணியும் காரணமாகக் காட்டப்பட்டது. அம்முடிவு சரியா என்ற விவாதம் அங்கே நடந்தது வேறு விடயம்.

வாடகை முறையின் பலவீனமும் வாடகைதான். பணம் நின்றால் தண்ணீர் நிற்காது. நெல்வயலைப் பொறுத்தவரை பணம் இருந்தாலும் போதாது. கடும் வரட்சி நிலவிய 2022இல் கலிபோர்னியாவில் வழமையான நெற்பரப்பில் ஏறத்தாழப் பாதியே விதைக்கப்பட்டது. சாக்ரமென்டோ படுகையின் மேற்குப் பகுதியில் ஊர் ஊராக வயல்கள் தரிசாகக் கிடந்தன. அங்கே அழுகவிட வைக்கோல் இல்லை, உதிர்ந்த நெல் இல்லை, ஏலத்தில் கேட்பதற்குத் தண்ணீரும் இல்லை. அந்தக் குளிர்காலத்திலும் வாத்துகள் வழக்கம்போல வடக்கிலிருந்து வந்தன.