எட்டாம் தடத்தில் 43.03: எப்படி முடிந்தது?

400 மீட்டர் ஓட்டத்தில் எட்டாம் தடத்தைப் பலரும் விரும்புவதில்லை. எதிராளிகள் எல்லாரும் பின்னால் இருப்பார்கள். யார் நெருங்குகிறார் என்று தெரியாது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் அந்தத் தடத்தில்தான் 43.03 விநாடியில் ஓடி, மைக்கேல் ஜான்சனின் 1999-ஆம் ஆண்டு உலக சாதனையான 43.18-ஐ முறியடித்தார். 24 வயது இளைஞருக்கு இது எப்படிச் சாத்தியமானது?

முழு வேகத்தில் ஓடும்போது தசையில் தயாராக இருக்கும் பாஸ்போகிரியேட்டின் சில விநாடிகளிலேயே பெருமளவு தீர்ந்துவிடும். பிறகு பெரும்பகுதி ஆற்றல், ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸைச் சிதைப்பதிலிருந்து வருகிறது. அப்போது தசையில் அமிலத்தன்மை ஏறும், கால் கனக்கும். வான் நீகெர்க்கும் முதல் 200 மீட்டரைச் சுமார் 20.5 விநாடியில் கடந்தார். அடுத்த பாதிக்கு 22.5 விநாடி ஆனது. கடைசி நேர்ப்பாதையில் அவர் வேகம் கூட்டவில்லை. மற்றவர்களைவிடக் குறைவாக வேகம் இழந்தார், அவ்வளவுதான்.

அடிப்படை வேகமும் கைகொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் 100 மீட்டரை அவர் 9.98 விநாடியில் ஓடியிருந்தார். அத்தகையவருக்கு 20.5 என்பது உச்ச வேகம் அல்ல, சக்தி மிச்சமிருக்கும்.

தடமும் ஓரளவு உதவியிருக்கலாம். முதல் தடத்தின் வளைவு ஆரம் சுமார் 36.5 மீட்டர், எட்டாம் தடத்தில் சுமார் 45. வளைவு அகலமானால், உடலைச் சாய்த்து ஓடும் சிரமம் குறையும்.

இப்படி வியக்கவைக்கும் ஒரு வளரும் வீரரின் நேரத்தைச் சந்தேகிக்கும் முன், அதை நூறு நூறு மீட்டராகப் பிரித்துப் பாருங்கள். அவர் உழைப்புக்கு நாம் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.